ஒஸ்கார் கண்ணை மூடியது செபத்துக்கல்ல

சேசு மரி சூசை

மில்லிக்கன், ரொறன்ரோ
19 மார்ச் 1986, புனித சூசையப்பர் திருநாள்

அன்பும் பட்சமும் நிறைந்த தங்கச்சி கிளடிஸுக்கு,

அக்கா பிலோமினா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய தயவால் இடது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் எனக்குச் சுகம். நீயும் உன் வீட்டாரும் கொட்டாஞ்சேனையில் சுகமாயிருக்கத் தினமும் மன்றாடுகிறேன். உன் கடிதம் இன்று காலை வந்தது. எழுத்துப் பிழை இரண்டுதான், முன்னேறியிருக்கிறாய். ஆனால் இரண்டாம் பக்கத்தை வாசித்ததும் குசினிக் கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டேன். சென்ற மாதம் நான் எழுதியதை நீ மரியாயின் சேனைக் கூட்டத்தில் உரக்க வாசித்தாயாம். அதைக் கேட்ட சுவாமியார் ஞாயிறு பிரசங்கத்தில், "கனடாவில் ஒரு வாயில்லாப் பிராணி செபமாலை நேரத்தில் கண்ணை மூடித் தியானிக்கிறது, நீங்களோ கடைசி வரிசை வாங்கில் இருந்துகொண்டு கதைக்கிறீர்கள்" என்று சனங்களைக் கண்டித்தாராம். கிளடிஸ்! அந்தக் கடிதத்தை உடனே கிழித்துப் போடு. அந்தப் பிராணி தியானிக்கவில்லை. அதற்குக் கண் வருத்தம். அந்த வருத்தத்தைக் கொடுத்ததும் வேறு யாருமில்லை, நான்தான்.

பதறாதே, முழுவதும் வாசி. இது துக்கச் செய்தியல்ல, சந்தோசச் செய்தி. இன்று காலை பத்தேகாலுக்கு ஒரு காரியம் நடந்தது. அதை இப்போதே சொல்லிவிட வாய் துடிக்கிறது, ஆனால் ஒழுங்காகச் சொல்லாவிட்டால் நீ பாதியைத்தான் விளங்கிக்கொள்வாய். சின்ன வயதிலிருந்தே உன் பழக்கம் அது.

என் மகள் அன்ரனெற் ஆய்வுகூட வேலை விசயமாக ஐந்து கிழமைப் பயிற்சிக்குக் கல்கரிக்குப் போயிருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். ஒஸ்கார் அவள் வளர்க்கும் பச்சோந்தி. எங்கள் ஊர் வேலியில் திரியும் சாதியல்ல, ஆபிரிக்க மலைப்பக்கத்தவர். மூக்கின்மேல் மூன்று கொம்பு. முதன்முதலில் கண்டபோது சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். கண்கள் இரண்டும் சின்னக் கூம்புகள்போல வெளியே துருத்திக்கொண்டிருக்கும், நடுவில் ஊசித்துவாரமளவு மணி. ஒரு கண் கிழக்கே போனால் மற்றது மேற்கே போகும். வரவுப் புத்தகத்தில் ஒரு கண்ணும் ரீச்சரில் ஒரு கண்ணுமாக நிற்கும் பள்ளிக்கூடப் பரிசோதகர் போன்ற தோற்றம். அதனால்தான் நான் அவரை "அவர்" என்கிறேன்.

நான் இங்கே வந்து இரண்டு வருசம். இந்த வீட்டில் சூடாக்கியின் குமிழைத் தொடக்கூடாது, உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தைத் தொடக்கூடாது, பிழையான பொத்தானை அமத்திப்போடுவேன் என்று மகளுக்குப் பயம். ஒரு கல்லூரியையே விரல்நுனியில் நடத்திய மனுசியை விருந்தாளிபோல இருத்தி வைத்திருந்தாள். ஆனால் புறப்படும் நாளன்று வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஒஸ்காரை உங்களை நம்பித்தான் விட்டிட்டுப் போறன். வேறை ஒருத்தரையும் எனக்கு நம்பேலாது" என்றாள். தகப்பன் போனபிறகு அவள் என்னிடம் இப்படியொரு வார்த்தை பேசியதில்லை, கிளடிஸ். தந்ததிலும் திறமாகத் திருப்பிக் கொடுப்பேன் என்று அந்த இடத்திலேயே மனதுக்குள் சத்தியம் பண்ணினேன்.

செய்ய வேண்டியதையெல்லாம் பதினாலு வரியில் ஆங்கிலத்தில் எழுதி, பிறிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். முதல்வேலையாகச் சிவப்புப் பேனை எடுத்து மூன்று இடத்தில் காற்புள்ளி போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நாலாம் வரியில், ஒரு நாளுக்கு இரண்டுமுறை கூட்டுக்குள்ளிருக்கும் செடியின் இலைகளுக்கு நெடுநேரம் தண்ணீர் தெளிக்கவேண்டும், அவர் இலையில் நிற்கும் துளியைத்தான் குடிப்பார் என்று எழுதியிருந்தது. வீட்டுக்குள்ளே மழையா? அதுவும் பூப்போட்ட சுவர்க்கடதாசிக்குப் பக்கத்தில்? ஒழுங்காக வளர்ந்த சீவன் பாத்திரத்தில்தான் குடிக்கும் என்று தீர்மானித்து, என்னுடைய ரோசாப்பூச் சோசரில் தண்ணீர் வைத்தேன். ஏழாம் வரி இன்னும் மோசம். உணவுக்கு வாங்கி வைத்திருக்கும் சில்வண்டுகளை ஒரு பையில் போட்டு வெள்ளைத் தூள் தூவிக் குலுக்கிக் கொடுக்க வேண்டுமாம். பூச்சிக்குப் பவுடர் பூசி அனுப்புவது எந்த நாட்டு வழக்கம்? தவக்காலத்தில் நானே முகத்துக்குப் பவுடர் போடுவதில்லை! தூள் ரின்னைத் தூக்கி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

மிச்சத்தை எழுத வெட்கமாயிருக்கிறது, எழுதுகிறேன். நான் இறைச்சி தொடாமல் சுத்தபோசனம் காக்கும் வீட்டில், அதே கூரையின்கீழே ஒருவர் வெள்ளிக்கிழமையில் உயிருள்ளதைப் பிடித்துத் தின்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சில்வண்டு மீனில் சேர்த்தியா இறைச்சியில் சேர்த்தியா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மீனுக்குக் கால் இல்லை, இதற்கு ஆறு கால். ஆகவே இறைச்சி. புதன், வெள்ளி இரண்டு நாளும் ஒஸ்காருக்கு ஒருசந்தி உபவாசம் என்று விதித்தேன். அவர் ஆட்சேபிக்கவில்லை.

ஒரு கிழமைக்குள் பின்னேரச் செபமாலைக்கு நான் முழங்காலில் நின்றதும் அவர் கண்ணை மூடத் தொடங்கினார். அடுத்த கிழமை காலைச் செபத்துக்கும் மூடினார். பிறகு நாள் முழுவதும். எனக்குப் புல்லரித்தது! அந்தப் புல்லரிப்பில்தான் உனக்கு ஆறு பக்கம் எழுதினேன். உனக்கு மட்டுமா? பிக்கரிங்கிலிருந்து றோசலினையும் செபக்கூட்டத்தாரையும் வரவழைத்துக் காட்டினேன். கொன்வென்ரில் எனக்கு ஒரு வகுப்புக் கீழே படித்து, எல்லாப் பரிசளிப்புக்கும் இரண்டாம் இடம் எடுத்தாளே, அதே றோசலின்தான். மற்றவர்கள் முக்காடு போட்டுக்கொண்டு மரியாதையாக நிற்க, இவள் கூட்டுக்குள் தலையை நீட்டி, "என்ன அக்கா, ஆள் நித்திரை கொள்ளுறார் போலக் கிடக்கு" என்றாள்.

"நித்திரை கொள்ளுறவருக்கும் செபிக்கிறவருக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் நீ. கொன்வென்ரிலையும் நீ அப்பிடித்தான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நான் பிறகு வட்டியோடு அனுபவித்தேன்.

இரண்டு நாள் கழித்து பக்கத்து வீட்டு மங்கையற்கரசி வந்தாள். மட்டக்களப்புப் பிள்ளை, சைவம், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நான் கொடுத்துவிட்ட தட்டைத் திருப்பித் தர வந்தவள், கூட்டுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். அன்று செவ்வாய்க்கிழமை, தடையில்லாத நாள். ஒரு சில்வண்டு ஒஸ்காரின் மூக்குக்கு நேரே நடந்துபோனது. அவர் வாயைத் திறந்தார். நாக்கு வரவில்லை. வாயை மூடினார்.

"பிலோமினா அன்ரி, இவர் கும்பிடல்ல. பகல் வெளிச்சத்துல பச்சோந்தி கண்ண மூடிக்கிட்டிருந்தா அது வருத்தம். கண் உள்ளுக்கு இறங்கிக் கிடக்கு, பாருங்க."

"நீங்கள் சைவம் பிள்ளை. எங்கடை செபம் உங்களுக்கு விளங்காது."

"சைவமெண்டாலும் வேதக்காரரெண்டாலும் கண் கண்தானே அன்ரி."

மறுமொழி சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரத்தில் ஒஸ்கார் ஒரு காலைத் தூக்கி அடுத்த கிளையைத் தேடினார். கிளை ஒரு அங்குலம் தள்ளி இருந்தது. அவர் காற்றைப் பிடித்தார். திரும்பவும் காற்றைப் பிடித்தார். கண்ணாடி கைதவறி விழுந்த காலையில் நான் கட்டிலோரத்தைத் தடவுவேனே, அதே தடவல். இந்தச் சீவனுக்குக் கண்தான் கை, கண்தான் சம்பாத்தியம். இரண்டு கண்ணையும் முன்னுக்குக் கொண்டுவந்து தூரத்தை அளந்த பிறகுதான் நாக்கை எறியும். பார்வை போனால் கூடு நிறையச் சாப்பாடு இருந்தாலும் பட்டினியில் செத்துப்போகும். நான் பக்தி என்று கொண்டாடிய நாட்களெல்லாம் அவர் குருடராயும் பசியோடும் இருந்திருக்கிறார். அன்ரனெற் வேறு ஒருத்தரையும் நம்பாமல் என்னிடம் விட்டுப்போன சீவன் அது.

உடனே என்னுடைய கண்மருந்துப் போத்தலை எடுத்தேன். மங்கையற்கரசி பாய்ந்து கையைப் பிடித்தாள். "ஐயோ அன்ரி, மனுசர்ர மருந்த விடாதீங்க! இருக்கிற கண்ணும் போயிரும்." பிறகு இரண்டுபேருமாக ரெலிபோன் புத்தகத்தை விரித்து மிருக வைத்தியர்களைத் தேடினோம். ஒருவர் நாயும் பூனையும் மட்டுந்தான் பார்ப்பாராம். இன்னொரு இடத்தில் எடுத்த பெண் படிவம் நிரப்பத் தொடங்கினாள். "என்ன நிறம்?" என்று கேட்டாள். "எத்தனை மணிக்கு?" என்று நான் கேட்டேன். "அவருடைய நிறம், மேடம்." "காலையில் பச்சை, மத்தியானம் கபிலம், என்னைக் கண்டால் ஒருவிதக் கறுப்பு, உங்களுக்கு எது வசதியோ அதை எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். போனை வைத்துவிட்டாள். நாலாவது இடத்தில்தான் ஊர்வன பார்க்கும் டொக்டர் ஒருவர் அகப்பட்டார்.

வெளியே உறைபனி. குளிர் பட்டால் அவர் தாங்கமாட்டார் என்று, என் தொப்பிப் பெட்டிக்குள் சுடுதண்ணீர்ப் பையைத் துவாயில் சுற்றி வைத்து, மேலே அவரை ஒரு கிளையோடு இருத்தி மூடினேன். மங்கையற்கரசியின் புருசன் தியாகலிங்கம் கார் ஓட்டினார். பெட்டிக்குள் இருந்த தொப்பி என் தலையில் இருந்தது, அதுதான் துணி இலைகள் தைத்த பச்சைத் தொப்பி. வழியில் மூடி எப்படித் திறந்ததோ தெரியாது. வைத்தியசாலையில் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, முன்னாலிருந்த வெள்ளைக்காரச் சீமாட்டி, "உங்கள் தொப்பி மிக அழகு" என்றாள். நன்றி சொன்னேன். தொப்பி ஒரு கால் எடுத்து வைத்தது. அவள் தன் நாயையும் தூக்கிக்கொண்டு மூலைக் கதிரைக்குப் போய்விட்டாள்.

டொக்டர் ஒரு இளம் பெண். பூதக்கண்ணாடியால் இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு என்னிடம் கேள்வி கேட்கத் தொடங்கினாள். தண்ணீர் எப்படிக் கொடுக்கிறீர்கள்? சோசரில். தெளிப்பதில்லையா? இல்லை. விற்றமின் தூள்? அலுமாரியில். தினமும் சாப்பிடுகிறாரா? தவக்காலத்தைப் பற்றி விளக்கினேன். அவள் பேனையை மேசையில் வைத்துவிட்டு, "இவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தாயிற்றா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்படியானால் இவருக்கு ஒருசந்தி கடமையில்லை" என்றாள். பத்து வருசம் கன்னியாஸ்திரிகளிடம் ஞானோபதேசம் படித்த என்னை ஒருவரும் இப்படி மடக்கியதில்லை, கிளடிஸ்.

பிறகு பொறுமையாகச் சொன்னாள். சூடாக்கியின் காற்று வீட்டை உலர்த்திவிடும். தண்ணீரும் போதாதபோது முதலில் காய்வது கண். அதோடு விற்றமின் குறைவு. இடது கண்ணின் விளிம்பில் உரிந்த தோல் ஒரு வளையம்போல ஒட்டியிருக்கிறது, அதை நகத்தால் பிடுங்கவே கூடாது. ஈரம்தான் முதல் மருந்து. குளியலறையில் ஒரு செடியை வைத்து அவரை அதில் ஏற்றி, சூடுமில்லாமல் குளிருமில்லாமல் தண்ணீரைச் சுவரில் அடிக்கும்படி திறந்து, தெறிக்கும் தூவானம் மட்டும் அவர்மேல் விழும்படி அரைமணி நேரம், தினம் இரண்டுமுறை, பக்கத்திலேயே ஆள் இருக்கவேண்டும். மருந்து கலவாத, கண்ணுக்கென்றே விற்கும் சுத்தமான உப்புநீரில் ஒவ்வொரு துளி. விற்றமினை அவள் அளந்து கொடுத்த அளவுக்கு மேலே ஒரு பொட்டும் கூடாது, கூடினால் அதுவும் நஞ்சு. சில்வண்டுகளுக்கு முதலில் கரட்டும் கீரையும் கொடுத்துக் கொழுக்க வைத்து, பிறகு அவற்றை இவருக்கு ஊட்டவேண்டும். கண் வீங்கினாலோ சீழ் கண்டாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் கொண்டுவரவேண்டும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். சிவப்புப் பேனையைத் தொடவில்லை.

அன்றிலிருந்து ஒன்பது நாள்! மழைக்கோட்டுப் போட்டு, குடை பிடித்து, கழிப்பறை மூடியின்மேல் உட்கார்ந்து அந்தத் தூவானத்தில் காலை ஒரு அரைமணி, மாலை ஒரு அரைமணி. செடி நனைந்தது, அவர் நனைந்தார், என் முழங்கால் நனைந்தது. மூன்றாம் நாள் குளியலறைச் சுவர்க்கடதாசி மேலிருந்து கீழே மெல்ல உரிந்து என் குடைமேல் விழுந்தது. போகட்டும் என்றேன். ஐந்தாம் நாள் கரட் தின்று கொழுத்த சில்வண்டுகளில் ஒரு இருபது பெட்டியிலிருந்து தப்பிவிட்டன. அன்று பின்னேரம் பார்த்து றோசலினும் செபக்கூட்டமும் வந்தார்கள். செபமாலை நடுவில் சோபாவுக்குக் கீழேயிருந்து ஒன்று குரல் எடுத்தது. பியானோவுக்குப் பின்னாலிருந்து இன்னொன்று மறுமொழி சொன்னது. றோசலின் ஒரு கண்ணைத் திறந்து, "அக்கா, இவையளும் செபிக்கினமோ?" என்று கேட்டாள். நான் செபமாலையின் அடுத்த காரணிக்கத்தைக் கொஞ்சம் உரக்கத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வலது கண் ஒரு கீற்றுத் திறந்தது. திங்கள் முழுவதும் திறந்தது. இடது கண் அசையவேயில்லை. அந்த ஒரு கண்ணுக்காக, கண்களுக்குக் காவலான புனித லூசியாளிடம் நான் செய்த வேண்டுதல்கள் எத்தனை! இன்று காலை பத்தேகால், கேள். தூவானத்தில் ஊறிய அந்தத் தோல் வளையம் தானாகவே கழன்று இலையில் விழுந்தது. கூம்பு ஒருமுறை சுற்றியது. நடுவில் கறுப்பு மணி! வலது கண் என்னைப் பார்த்தது, இடது கண் தண்ணீர்க் குழாயைப் பார்த்தது. கையில் ஒரு சில்வண்டை வைத்து நீட்டினேன். இரண்டு கண்ணும் மெல்ல மெல்ல முன்னுக்கு வந்து ஒன்றாக நின்றன. சடக்! ஒரு முழ நாக்கு! கையில் ஒன்றுமில்லை! நான் குடையை எறிந்துவிட்டு "அல்லேலூயா!" என்று கத்திவிட்டேன். தவக்காலத்தில் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும். வாயை மீறி வந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுவேன். மங்கையற்கரசி தன் வீட்டிலிருந்து என்னவோ ஏதோவென்று ஓடிவந்தாள், கட்டிப்பிடித்து அழுதோம். ஒஸ்கார் இன்னுமொன்று கேட்டார்.

இனி விசயத்துக்கு வருகிறேன். வருகிற குருத்தோலை ஞாயிறு அன்ரனெற் திரும்பி வருகிறாள். இதில் ஒரு சொல்லும் அவள் காதுக்குப் போகக்கூடாது. மாப்பசை காய்ச்சிச் சுவர்க்கடதாசியை ஒட்டியாயிற்று. சில்வண்டுகளில் பதினெட்டு பிடிபட்டன. மற்ற இரண்டும் சாட்சி சொல்லாது. மங்கையற்கரசியிடமும் தியாகலிங்கத்திடமும் வாக்கு வாங்கியிருக்கிறேன். நீ அவளுக்கு எழுதும்போது "ஒஸ்காரின் கண் எப்படி" என்று கேட்டு வைக்காதே. சுவாமியாருக்கு எதையாவது சொல்லிச் சமாளி. ஆனால் பொய் சொல்லாதே, அது எப்படி என்று நீயே யோசி. புனித லூசியாள் கோயிலில் எனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்து, காரணம் கேட்டால் முழங்கால் என்று சொல். முழங்கால் உண்மையிலேயே நோகிறது. நம்பிக்கை வைத்துப் பொறுப்புத் தந்த பிள்ளையின் முன்னால் தலைகுனிந்து நிற்க இந்த வயதில் என்னால் ஏலாது, கிளடிஸ். பிழை திருத்தப்பட்டாயிற்று. திருத்திய கொப்பியில் முதல் எழுதியதை யாரும் வாசிக்கத் தேவையில்லை.

தேவமாதா உன்னையும் உன் பிள்ளைகளையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். எல்லாருக்கும் என் அன்பும் ஆசீரும்.

இங்ஙனம்,
உன் அக்கா
திருமதி பிலோமினா யேசுரட்ணம்

பி.கு. சனிக்கிழமை. முத்திரை வாங்கப் போகப் பனி விடவில்லை. அதற்குள் அன்ரனெற் ஒரு நாள் முந்தி இன்று மத்தியானமே வந்துவிட்டாள். ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்றக்கூடப் பொறுமையில்லாமல் நொண்டி நொண்டிக் கூட்டுக்குப் போனாள். ஒஸ்கார் ஒரு கண்ணால் அவளையும் மறு கண்ணால் என்னையும் பார்த்தார். "அம்மா, என்னைவிட நல்லாப் பாத்திருக்கிறியள்" என்றாள். ஏசியிருந்தால் வாய் திறந்திருக்க மாட்டேன், கிளடிஸ். அந்தப் பாராட்டை எனக்குத் தாங்கேலாமல் போயிற்று. நின்ற நிலையிலேயே சோசரிலிருந்து அல்லேலூயா வரைக்கும் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தேன். அவள் படியில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு, "முதலிலையிருந்து திருப்பிச் சொல்லுங்கோ அம்மா, தொப்பி நடந்த இடத்தை ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றாள். ஆகவே மேலே "சொல்லாதே" என்று எழுதிய இடங்களையெல்லாம் வெட்டிவிட்டு வாசி. யாருக்கும் சொல்லு, சுவாமியாருக்கு முதலில் சொல்லு. றோசலினுக்கு மட்டும் நானே சொல்லிக்கொள்ளுகிறேன், அதற்கு ஒரு நல்ல நாள் பார்க்கவேண்டும். அன்ரனெற் இரண்டாவது சப்பாத்தைக் கழற்றும்போது பின்னேரம் நாலு மணி.